ஒழுங்கையின் அகலம்

1989இல் எங்கள் பட்டினத்தின் பழைய வீதித் திட்டத்தைத் திருத்துவதற்கு ஊராரின் கருத்தைக் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையைப் பற்றி நானும் ஒரு கடிதம் எழுதி நகரசபைக்குக் கொண்டுபோனேன்.

கிளாக்கர் சோமசேகரம் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். "வேலியைத் தொடாதேங்கோ எண்டுதான் எல்லாரும் வருவினம். ஒழுங்கையை அகட்ட நீங்களே காணி தாறியளோ? கார் வாங்கிட்டியளோ, ஐயா?"

"இல்லைத் தம்பி. போன மாசம் பிரசவ நோவோடை கிடந்த மகளை ஏத்த, ஒழுங்கைக்குள்ளை கார் வரேலாமல் போச்சு. கதிரையிலை இருத்தித் தூக்கிக்கொண்டு போனம். றோட்டுக்குப் போக முன்னமே அவளின்ரை சீவன் போயிட்டுது."

அவர் சிரிப்பு நின்றது. பழைய கோப்பைப் புரட்டினார்.

"முந்தின திட்டத்திலையே உந்த ஒழுங்கையை அகட்ட இருந்திருக்கு, ஐயா. ஆரோ ஒரு பாவி கடிதம் எழுதி நிப்பாட்டிப் போட்டான்."

அந்தக் கடிதத்தின் அடியில் பெயரைத் தேடினார்.

"தேடாதேங்கோ, தம்பி," என்றேன். "அது என்ரை கையெழுத்து."