அறுநூற்று நாற்பத்தொன்றாவது படம்

"நான் டிஸ்க் குளோன் பண்ணுனா எடுக்காத போட்டோவும் வந்துரும், மாப்ள!" என்றார் விளாங்குடியில் ஓய்வாக இருக்கும் நூருல் அமீன். மச்சினன் ஜுல்பிகர் நம்பவில்லை.

ஜுல்பிகரின் மகள் சனோபரின் நிக்காஹ் படங்கள் வேறெங்கும் இல்லை. லேப்டாப்பின் பழைய டிஸ்க்கோ சாகக் கிடந்தது. படங்களை எண்ணி, 640 என்று காலண்டரில் குறித்தவர் ஜுல்பிகரேதான். அமீன் பிஸ்மில்லா சொல்லி முதலில் அதை அச்சு அசலாக நகலெடுத்து குளோன் செய்தார். பிறகு புதிய டிஸ்க்கில் விண்டோஸைச் சுருக்கி, லினக்ஸுக்கு இடம் கொடுத்தார். இரண்டும் பூட் ஆயின.

புதியதில் 641 படங்கள். பழையதில் 640தான்.

கடைசிப் படத்தில் பந்தி. ஜுல்பிகரைப் பெற்ற அத்தா, நிக்காஹுக்கு இரண்டு வருடம் முன்பே மௌத்தாகி அடக்கமானவர், சஹன் தட்டில் கைவைத்தபடி நிமிர்ந்து பார்க்கிறார்.

ஜுல்பிகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

"வந்துருக்காரு மச்சான். மறுசோறு கேக்குறாரு பாருங்க."