குழாயை அடைத்தது யார்?

“யோவ் மேஸ்திரி! குழாய் மறுபடியும் ஊமையாயிடுச்சு!”

முதலாளி காரை விட்டு இறங்கும் முன்பே அவர் குரல் இறங்கிப் பட்டறைக்குள் வந்துவிட்டது.

ஊருக்கே புதுசு, அந்தக் கார். பின்பக்கம் முதலாளியும் அவர் மனைவியும் உட்கார வெல்வெட் தைத்த அறை. முன்பக்கம் டிரைவருக்கு வெயிலும் காற்றும். நடுவே தடுப்புக் கண்ணாடி. பின்னாலிருந்து பேசினால் டிரைவர் காதில் விழுவதற்கு ஒரு பித்தளைக் குழாய்.

கார் பாடி வேலையில் மேஸ்திரி புலி. மூடமாட்டேன் என்று அடம்பிடித்த கதவை ஒரே நாளில் வழிக்குக் கொண்டுவந்தவர். கூரை ஒழுகி, முதலாளியின் வழுக்கையைக் குறிபார்த்துச் சொட்டியதை இரண்டே நாளில் நிறுத்தியவர். இந்தக் குழாய் மட்டும் மூன்று வாரமாக அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

வளைந்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். ‘பொளக்’கென்று ஒரு பஞ்சு உருண்டை வந்து விழுந்தது.

“போன வாரமும் பஞ்சுதானே?” என்றார் முதலாளி.

“ஆமாங்க. அதுக்கு முந்தின வாரமும்.”

“எலியோ?”

“எலி இவ்வளவு நேர்த்தியா உருட்டாதுங்க.”

முதலாளியின் பார்வை டிரைவர் மேல் போய் நின்றது.

“சத்தியமா நான் இல்லீங்க!”

“நீ இல்லாம வேற யாரு? நான் பேசறதைக் கேட்கக்கூடாதுன்னு வேற யாருக்குத் தோணும்? மேஸ்திரி, நீ குழாயைச் சரி பண்ணு. வீட்டுக்குப் போனதும் இவன் சீட்டைக் கிழிச்சுடறேன்.”

மேஸ்திரிக்கும் டிரைவர் மேல் கடுப்புதான். இவனால்தானே மூன்று வாரமாகக் கெட்ட பேர்!

“நீங்க பேசிப் பாருங்க முதலாளி, எப்படிக் கேட்குதுன்னு நான் சொல்றேன்” என்று மேஸ்திரியே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

முதலாளி பின்னால் மனைவி பக்கத்தில் ஏறி, குழாயில் வாயை வைத்தார். அவ்வளவுதான், பழக்கதோஷம் பிய்த்துக்கொண்டது.

“கேட்குதாடா? ஏன்டா இப்படிப் பறக்கறே? ஏன்டா ஊர்ந்து போறே? வலது பக்கம் பாரு! இடது பக்கம் யாரு பார்க்கறது, உங்க மாமனாரா? ஹாரனை அடி! ஏன்டா அடிச்சே? உன் கையில ஸ்டியரிங்கைக் கொடுத்தவனைச் சொல்லணும்டா!”

நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து கார் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

ஐந்து நிமிடம் கழித்து மேஸ்திரி காதைக் குடைந்துகொண்டே இறங்கினார்.

“எப்படிக் கேட்குது?”

“தெளிவா கேட்குதுங்க. ரொம்பவே தெளிவா.”

மேஸ்திரி டிரைவரைப் பார்த்தார். தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையா கேட்கிறான் இந்த மனுஷன்?

“முதலாளி... ஒரு உண்மையைச் சொல்லிடறேன். பஞ்சு என்னுதுதான். குழாயைத் துடைச்சுட்டு வெளியே எடுக்க மறந்துட்டேன்.”

“மூணு வாரமுமா?”

“மூணு வாரமும்ங்க.”

“நீயெல்லாம் ஒரு மேஸ்திரியா! உன்னை நம்பி ஒரு அப்பாவியை வேலையை விட்டுத் துரத்தப் பார்த்தேனே!” முதலாளி இன்னும் நிறைய சொன்னார். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

டிரைவர் ஓடிவந்தார். “நான் அடைக்கவே இல்லையே அண்ணே! நீங்க எதுக்குப் பழியை ஏத்துக்கிட்டீங்க?”

“சும்மா இருய்யா. உன் இடத்துல நான் இருந்தா சிமென்ட்டே போட்டு அடைச்சிருப்பேன்.”

அப்போது காரின் பின்கதவுக் கண்ணாடி மெல்ல இறங்கியது. அதுவரை வாயே திறக்காத முதலாளியம்மா எட்டிப் பார்த்தார்.

“டிரைவர் சொல்றது நிஜம்தான் மேஸ்திரி. அடைச்சது நான்.”

மேஸ்திரி கண்ணாடி அருகே ஓடினார். “நீங்களாம்மா? ஏம்மா?”

“இவராவது நிம்மதியா வண்டி ஓட்டட்டும்னுதான்” என்றவர், முதலாளி வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு குரலை இன்னும் தாழ்த்தினார். “மேஸ்திரி, இதே மாதிரி குழாய் ஒண்ணு, வீட்டுல எனக்கும் அவருக்கும் நடுவுல போட்டுத் தர முடியுமா? பஞ்சு என்கிட்டயே இருக்கு.”