தேடப்படாதவர்

"உங்கள் நாட்டில் உங்களுக்கு நேர்ந்த தீங்கு என்ன?" என்ற கேள்விக்குக் கீழே இருந்த பெட்டி முக்கால் மணி நேரமாக வெறுமையாகவே கிடந்தது.

நிஸ்தார் பேனாவை மூடினார். திரும்பவும் திறந்தார்.

ஹோம்புஷ் ரயில் நிலையத்துக்கு எதிரே அலுவலகம் வைத்துப் பதினொரு வருடமாக அகதி விண்ணப்பம் எழுதுகிறவர் அவர். மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் வருகிறவர்களுக்கு அந்தப் பெட்டி போதாது. இவ்வளவையும் ஓர் ஆள் தாங்கியிருக்க முடியுமா என்று அதிகாரி சந்தேகப்படுவாரே என்று, நடந்ததில் பாதியைக் குறைத்து எழுதுவதுதான் அவருடைய தொழில் சாமர்த்தியம்.

இன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் உக்ரைன்காரர். பெயர் தராஸ்.

எதிர்க்கட்சி அரசியல்வாதி. ஒரு சின்ன நகரசபையில் ஒரே ஒரு தடவை உறுப்பினர். பாராளுமன்றத்துக்கு இரண்டு தடவை நின்று தோற்றவர். பதினைந்து வருடத்தில் நான்கு கட்சி மாறினார். நான்கும் எதிர்க்கட்சி. அந்த மட்டில் மனிதர் கொள்கை பிசகவில்லை.

அரசாங்கம்தான் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

கைது இல்லை, வழக்கு இல்லை, ஒரு மிரட்டல் கடிதம்கூட இல்லை. போன வருடம் ஊரில் எதிர்க்கட்சிக்காரர் நாலைந்து பேரைப் பிடித்தபோது, தராஸ் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிவைத்துவிட்டு மூன்று வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். ஒருவரும் வரவில்லை. ஆளுங்கட்சி மேயர் மட்டும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருந்தார்.

சுற்றுலா விசா வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குள் விண்ணப்பத்தில் இந்தப் பெட்டி நிரம்பாவிட்டால் திரும்பிப் போகவேண்டியதுதான்.

"ஒரு அடியாவது விழல்லையா இந்தாளுக்கு?" என்று கணினியில் தட்டிக்கொண்டிருந்த நிஸ்தாரின் மனைவி மிஸ்னா தமிழில் கேட்டாள்.

கண்ணீர்ப்புகையாவது பட்டதா என்று நிஸ்தார் கடைசியாகக் கேட்டுப் பார்த்தார். ஆர்ப்பாட்டத்தன்று பார்த்துக் காய்ச்சல் வந்துவிட்டது என்று தராஸ் தலையைக் குனிந்தார்.

அப்போது தராஸின் கைத்தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்து மாமியார்.

கொஞ்ச நேரம் கேட்டார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, வீட்டுக்குப் பொலிஸ் வந்துவிட்டது என்று கத்தினார். விடியற்காலையில்! ஆறு பேர்! கதவையே உடைத்துவிட்டார்கள்!

நிஸ்தார் எழுந்துபோய் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். மிஸ்னா அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். ஆறிப்போவதற்குள் எழுதிவிடவேண்டும் என்று நிஸ்தார் உட்கார்ந்து தேதியைப் போட்டார், நேரத்தைப் போட்டார், கதவையும் ஆறு பேரையும் எழுதினார். அப்பாடா, பெட்டியில் ஒரு வரி விழுந்தது.

மாமியார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தராஸ் மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தார்.

பொலிஸ் தேடி வந்தது அவரை அல்ல. அவர் எங்கே என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவருடைய மனைவி ஒக்ஸானாவைத்தான் கொண்டுபோயிருக்கிறார்கள். கூடவே, பதினைந்து வருடமாகத் தராஸ் மேடைகளில் வாசித்த பேச்சுக்களின் கட்டையும். எல்லாம் ஒக்ஸானா எழுதிக் கொடுத்தவை.

நிஸ்தாருக்குக் கூசிப்போய்விட்டது. ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு போனதற்கா கை குலுக்கினோம் என்று நினைத்தார். எழுதிய வரியை வெட்டப் பேனாவை எடுத்தார்.

தராஸ் அழுதுகொண்டே அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

அந்த வரி அப்படியே இருக்கட்டும் என்றார்.