யார் சொல்லிக் கொடுத்தது?

அங்கன்வாடி வாசலில் நின்று கத்தினார் ஈரப்பா.

"டீச்சர், நாலு வயசுப் பிள்ளைக்கு என்னதான் சொல்லிக் கொடுக்கிறீங்க? நேத்து வீட்டுக்கு வந்த என் மாமனாரைப் பார்த்து, 'யோவ் பெருசு, வழியில நிக்காதே'ன்னு அதட்டுறா! மனுஷன் சாப்பிடாமலே கிளம்பிட்டார்."

சுமங்கலா டீச்சர் சிரித்தார்.

"நாலு பேரோட பழகுறதை விளையாட்டாச் சொல்லித் தர்றோம்ணா. இந்த வாரம் பஸ் விளையாட்டு. வரிசையில ஏறணும், வயசானவங்களுக்கு இடம் விடணும், அவ்வளவுதான். உள்ள வந்து பாருங்க."

உள்ளே குட்டி நாற்காலிகள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒரு வாண்டு தட்டைச் சுழற்றி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தது. தோளில் பையோடு ஈரப்பாவின் மகள் கங்கவ்வா விசில் ஊதினாள்.

"உள்ள போ, உள்ள போ! இது என்ன உன் மாமியார் வீடா? சில்லறை இல்லேன்னா இறங்கு!"

"கேட்டீங்களா டீச்சர்? ஏய் கங்கி, இதெல்லாம் யாருடி சொல்லிக் கொடுத்தது?"

கங்கவ்வா விழித்தாள்.

"நீதாம்ப்பா. ஞாயித்துக்கிழமை என்னை உன் பஸ்ஸுல கூட்டிட்டுப் போனியே, அப்ப இப்படித்தானே எல்லாருக்கும் டிக்கெட் குடுத்தே?"

டீச்சர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை தார்வாட் போகிற பஸ்ஸில், கீரைக்கூடையோடு ஒரு கிழவி தடுமாறி ஏறினாள். வாய்வரை வந்த அதட்டலை விழுங்கிவிட்டு, கண்டக்டர் ஈரப்பா கூடையை வாங்கி வைத்தார்.

"மெதுவா ஏறு அஜ்ஜி. இப்படி உக்காரு."

தினமும் அதே பஸ்ஸில் வருகிற அவள், அவரைக் கவலையோடு பார்த்தாள்.

"ஏம்ப்பா, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"