சாவா மூவாப் பேராடு

கோயில் விளக்கு அணையாமல் எரிய வேண்டும், அதற்கு நெய் வேண்டும் என்று அந்தக் காலத்து அரசர் ஒருவர் தொண்ணூற்றாறு ஆடுகளைத் தானம் கொடுத்தார். அதில் ஒருத்தி செம்பி. பாதிப் பல் விழுந்துவிட்டது, இருமல் வேறு. இந்தக் கோடையைத் தாண்டுவோமா என்பதே அவள் கவலை.

கல்தச்சன் அந்தத் தானத்தைக் கோயில் சுவரில் வெட்டி முடித்தான். கணக்கர் உரக்கப் படித்தார். அரசர் வென்ற நாடுகளெல்லாம் முதலில் வந்தன. கடைசியில், “சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு.”

செம்பி பக்கத்தில் நின்ற பட்டத்து யானையைப் பார்த்துத் துள்ளிக் குதித்தாள். “கேட்டீங்களா அண்ணே? எனக்குச் சாவும் கிடையாது, மூப்பும் கிடையாதாம்! கல்லுலயே வெட்டிட்டாங்க!”

யானை மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டு சிரித்தது. “அடி அசடே! நீ செத்தா உன் இடத்துல உன் குட்டியை நிறுத்துவாங்க. எண்ணிக்கை குறையாது. அதைத்தான் அப்படி எழுதுறாங்க.”

செம்பி கொஞ்ச நேரம் அசைபோட்டாள்.

“ராசா செத்தா என்ன பண்ணுவாங்க அண்ணே?”

“இளவரசரை உட்கார வைப்பாங்க.”

“அப்ப ரெண்டு பேர் கதையும் ஒண்ணுதான். ஆனா சாவா மூவான்னு கல்லுல ஏறினது நான்தானே!”

செம்பி இருமிக்கொண்டே, தலையை நிமிர்த்தி, அரசர் பல்லக்கு வரும் வீதியின் நட்டநடுவே நடந்து போனாள்.