பொங்கல் தீம்

"பொங்கல் தீம் போட்டிருக்கேன் சிஸ்டர். அப்பா பட்டு வேட்டியில எப்படிப் பளிச்சுன்னு இருக்கார்!" என்றான் சிவநேசன், பார்ப்பதையெல்லாம் அலங்கரித்துக் காட்டும் லென்ஸ் கண்ணில் மின்ன.

நர்ஸ் வேலைக்கு லென்ஸ் ஆகாது. படுத்த படுக்கையாய்க் கிடந்த பெரியவரைப் புரட்டினேன். முதுகில் கையகலப் புண். உள்ளே புழு நெளிந்தது.

"லென்ஸைக் கழட்டிட்டுப் பாருங்க சார்."

பார்த்தவன் ஓடிப்போய் வாந்தியெடுத்தான். பரவாயில்லை, மனுஷன்தான் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கண்ணில் மறுபடியும் லென்ஸ்.

"தீபாவளி தீமுக்கு மாத்திட்டேன். ஊதுபத்தி ஏத்துங்க சிஸ்டர், நாத்தத்துக்கு இன்னும் தீம் வரல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் புண்ணைத் துடைக்கத் தொடங்கினேன். பெரியவர் என் கையைப் பிடித்தார்.

"எனக்கும் ஒரு லென்ஸ் மாட்டி விடும்மா. அவனை ஒரு தடவையாவது நல்ல பிள்ளையாப் பார்த்துக்கறேன்."