பஸ் ஸ்டாண்டு சீன்

"அந்த பஸ் ஸ்டாண்டு சீனு எங்கண்ணே போச்சு?"

மேட்னி விட்டுக் கூட்டம் கலைவதற்குள் வள்ளித்தாய் ஆபரேட்டர் ரூம் படியேறி வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. மிஷினை ஆறப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த நாகையாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இங்கன எல்லாம் வரக்கூடாது தாயி. மேனேஜர் பாத்தா என்னையத்தான் வைவாரு."

"வைதா வையட்டும். நேத்து வரைக்கும் இருந்துச்சு. இன்னைக்கு ஹீரோ பஸ்ஸுல ஏறுறாரு, அடுத்து நேரா வீட்டு வாசல்ல நிக்காரு. நடுவுல உள்ளது எங்க?"

"வெட்டிட்டேன். கரண்டு எப்பப் போகும், எப்ப வரும்னு ஈபிக்காரனுக்கே தெரியாது. ஒண்ணுக்கும் உதவாத சீனையெல்லாம் கழிச்சாத்தான் அடுத்த ஆட்டத்துக்கு ஆள உள்ள விட முடியும்."

"அய்யய்யோ, அதையா வெட்டுனீக? பாட்ட வெட்டித் தொலைச்சிருக்கலாம்ல!"

நாகையா கிளாஸைக் கீழே வைத்தார். ஊரெல்லாம் பாட்டுக்காக வருகிற படத்துக்கு, திருப்பூர் பஸ் ஸ்டாண்டைப் பார்க்க வருகிறவள் இவள் ஒருத்திதான். அந்த சீனில் ஹீரோ பஸ்ஸை விட்டு இறங்குவான். அவனுக்குப் பின்னால் மூட்டை சுமந்து போகிற ஒருவன் சட்டென்று திரும்பி கேமராவைப் பார்ப்பான். கண்ணைச் சிமிட்டினால் போச்சு. அந்த ஆள் வள்ளித்தாயின் புருஷன் பெத்தணன்.

"போன வருசம் சித்திரையில திருப்பூருக்கு லோடு ஏத்தப் போனான்ல, அப்பச் சிக்கியிருக்கான் போல," என்றார் நாகையா. "அதுக்காகத் தினமும் வரலாமா? தாலியறுத்தவ சினிமாக் கொட்டாயே கதின்னு கிடக்கான்னு விஸ்வநத்தம் ஊரே பேசுது."

"பேசட்டும்."

"நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்காத. போன புரட்டாசியில பட்டாசுக் கம்பெனி வெடிச்சப்ப அவன் பாடைக்கு முன்னால தோள் குடுத்தவன் நான். கரிக்கட்டையாக் கிடந்துச்சு. பக்கத்துல கிடந்த தூக்குச்சட்டியில பேரு வெட்டியிருக்கப் போயித்தான் அவன்னே கண்டோம். போனவன் போயிட்டான் தாயி."

"ஆமா. சட்டியில அவரு பேருதான் இருந்துச்சு."

சேலைத் தலைப்பை முறுக்குவதும் பிரிப்பதுமாக நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உங்கய்யா ஆவணியில எம். புதுப்பட்டி மாப்பிள்ளைக்குப் பேசி முடிச்சிட்டாராம்ல? நல்ல மனுசன்ங்காக. இனிமே அந்த நெனப்பு இருக்கட்டும்."

"அதுக்குத்தாண்ணே வந்திருக்கேன். நாளைக்கு இங்கன புதுப்படம். இந்தப் படப்பொட்டி சாத்தூருக்கு பஸ் ஏறிரும். ஆவணியும் பொறந்துருச்சுன்னா அப்புறம் பாத்துப் பிரயோசனம் இல்ல. அந்தத் துண்டுல ரெண்டு பிரேம் மட்டும் வெட்டித் தாங்க."

"அடி ஆத்தி! டிஸ்ட்ரிபியூட்டர் என் தோல உரிச்சுருவான்."

"வெட்டி ஒட்டும்போது ரெண்டு பிரேம் போகத்தான் செய்யும், எவனும் கண்டுபிடிக்க மாட்டான்னு டீக்கடையில நீங்கதான சொன்னீக?"

நாகையாவுக்குத் தன் வாயின் மேலேயே கோபம் வந்தது. சும்மா கிடந்திருக்கலாம்.

"கல்யாணப் போட்டோ வீட்டுல இருக்கும்ல? அதுல பாத்துக்கிட்டா என்ன?"

"அதுல இது இல்லண்ணே."

அதற்கு மேல் அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய ஃபிலிம் துண்டை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து, ஆள் திரும்பிப் பார்க்கிற இடத்தைத் தேடிக் கத்தரித்தார். பாவம், என்னதான் மறுதாலி ஏறினாலும் முதல் புருஷன் முகம் மறக்குமா என்று நினைத்துக்கொண்டே அதை அவளிடம் நீட்டினார்.

வள்ளித்தாய் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீங்க பூதக்கண்ணாடி வச்சிருக்கீகள்ல, பாத்துச் சொல்லுங்கண்ணே."

நாகையா கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "அவனேதான் தாயி. அதே முழி. கேமராவப் பாக்காதடான்னா கேக்கானா பாரு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அவரு மூஞ்சிய விடுங்க. அத முத நாளே பாத்துட்டேன். பின்னால சுவத்தப் பாருங்க. ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கு. அதப் பாக்கத்தான் தினமும் வந்தேன். உத்துப் பாக்குறதுக்குள்ள ஓடிப் போயிருது. அது என்ன படம்ணே?"

'இது என்னடா கேள்வி' என்று நாகையா மறுபடியும் குனிந்தார்.

"இதுவா? பச்சை லாரி மேல ஹீரோ ஏறி நிக்கானே! நம்ம தியேட்டர்லதான ஓட்டுனோம். இந்த வருசம் பொங்கலுக்கு ரிலீஸான…"

சொல்லிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. நாகையா மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"எனக்கும் அப்பிடித்தான் பட்டுச்சு. உங்க வாயால கேட்டாத்தான் நம்பணும்னு இருந்தேன்," என்றாள் வள்ளித்தாய். அவள் கை வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"அப்ப போன புரட்டாசியில நீங்க தோள்ல சுமந்துட்டுப் போனது யாரண்ணே? நான் தாலி அறுத்தது யாருக்கு?"